போர் விமானம் விழுந்த செய்தி வந்தால்: மாற்று விமானம் ஏன் வரவில்லை என்று துருவுவது எப்படி

ஒரு விமானம் விழுகிறது. அன்று மாலைக்குள் டிவியில் ஓடும் வரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். வழக்கமான பயிற்சியின்போது விபத்து, விசாரணைக்கு உத்தரவு, விமானியின் குடும்பத்துக்கு ஆழ்ந்த இரங்கல். நாமும் நம் பங்குக்குப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று எழுதிவிட்டு மறுநாள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நானும் பல வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. விபத்து நடந்ததும் எழும் கேள்விகள் உண்மையில் இரண்டு. இந்த விமானம் ஏன் விழுந்தது என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்வது விமானப்படையின் உள்விசாரணை, அந்த அறிக்கை பெரும்பாலும் நம் கண்ணில் படாது. இந்த விமானம் ஏன் இன்னும் பறந்துகொண்டிருந்தது என்பது இன்னொன்று. அதற்கான காகிதங்களில் முக்கால்வாசி வெளியில்தான் கிடக்கிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இங்கே நான் எழுதப்போவது இரண்டாவது கேள்வியை ஒரு சாதாரண ஆள், வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் செலவில் எப்படித் துரத்துவது என்பது பற்றி.

முதல் நாள்: கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

செய்தி வந்த அன்று செய்ய வேண்டியது குறிப்பு எடுப்பது மட்டும்தான். எந்த வகை விமானம், அதில் எந்த ரகம், எந்தப் படையுடையது (விமானப்படையா, தரைப்படையின் விமானப் பிரிவா, கடற்படையா, கடலோரக் காவல்படையா என்பதைப் பாதிப் பேர் கலந்து அடித்துவிடுகிறார்கள்), கிளம்பும்போதா, நடுவானிலா, இறங்கும்போதா. முடிவு எதையும் எழுத வேண்டாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட அதில் இருந்தவர்கள் இறந்தபோது, "பழைய ரஷ்ய டப்பா" என்று எழுதாதவர்கள் குறைவு. அது எம்ஐ-17 வி5. 2012ல் படையில் சேரத் தொடங்கிய, அன்றைய கணக்கில் புதிய ரகம். மேகத்துக்குள் சிக்கி, கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையில் மோதியது என்றது விசாரணை. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் விமானக் குழுவினரின் பிழை என்று இருந்தது. அந்த விபத்தை வைத்துக்கொண்டு விமானத்தின் வயதைப் பேசியவர்கள், பேச வேண்டிய வேறு விபத்துகளில் தங்கள் பேச்சின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டார்கள்.

மாறாகவும் நடக்கும். 'விமானியின் பிழை' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கோப்பை மூடிவிடாதீர்கள். பிழை செய்யும் அளவுக்கு அவரை எது தள்ளியது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கீழே ஒரு உதாரணம் வருகிறது, எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்திலேயே மோசமான உதாரணம் அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் ஊர்ப் பக்கமே விழுந்திருந்தால் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள், சிதறிய பாகத்தைத் தொடாதீர்கள். விமானி வெளியேறும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும், அது வெடிக்காமல் மிச்சம் இருக்கலாம். உடல்களின் படத்தைப் பரப்புவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு தாள், ஒரு விமானம், தேதிகள் மட்டும்

அடுத்த வேலை, ஒரு தாளை எடுத்து அந்த விமானத்தின் வாழ்க்கையைத் தேதிகளாக எழுதுவது. படையில் எப்போது சேர்ந்தது, மாற்று வேண்டும் என்று முதலில் யார் எப்போது சொன்னார்கள், மாற்றுக்கான திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது வரும் என்றார்கள், எப்போது வந்தது. கருத்து ஒன்றுமே வேண்டாம், தேதிகளே பேசும்.

மிக்-21ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன். 1963ல் சண்டிகரில் படையில் சேர்ந்தது. அதற்கு மாற்றாக இலகு ரகப் போர் விமானம், அதாவது பின்னாளில் தேஜஸ் என்று பெயர் வாங்கிய திட்டம், 1983ல் அனுமதி பெற்றது. தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. முதல் ஸ்குவாட்ரன் (விமானங்களின் படைப்பிரிவு) பெங்களூருவில் உருவானது 2016 ஜூலை 1, பிறகு 2018ல் நம் சூலூருக்கு வந்தது. திட்டத்துக்கு அனுமதி தந்ததிலிருந்து முதல் ஸ்குவாட்ரன் வரை 33 வருடம். இடையில் 1996ல், இருக்கும் மிக்-21களில் 125ஐ 'பைசன்' ரகமாக மேம்படுத்த ஒப்பந்தம் போட்டார்கள். கடைசி மிக்-21க்குச் சண்டிகரிலேயே விடை கொடுத்தது 2025 செப்டம்பர் 26.

இப்போது அந்தத் தேதிகளுக்கு நடுவே விபத்துகளை வையுங்கள். 2012ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாகச் சொன்ன கணக்கு இது: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயின, இறந்தவர்கள் 171 விமானிகள், பொதுமக்கள் 39 பேர், மற்ற படைப்பிரிவினர் 8 பேர். இது 2012 ஏப்ரல் வரைக்குமான கணக்கு மட்டும்தான். அதன் பிறகு 2022 ஜூலையில் ராஜஸ்தானின் பார்மரில் இரு விமானிகள் இறந்தார்கள், 2023 மே மாதம் அனுமான்கரில் விமானி பாராசூட்டில் தப்பிக்க, வீட்டில் இருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். 'மிக்-21ல் 400 விபத்து' என்று எல்லோரும் எழுதுவார்கள், ஆனால் அமைச்சர் அவையில் எழுத்தில் கொடுத்த எண்ணை யாரும் மறுக்க முடியாது. அதனால் எப்போதும் அதையே எடுங்கள். அவர் சொன்னது எல்லா மிக் ரகங்களுக்குமான எண், மிக்-21க்கு மட்டும் அல்ல என்பதையும் கூடவே எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார்.

மேலே சொன்ன மோசமான உதாரணத்துக்கு வருகிறேன். இதில் பழைய விமானம் பாதிக் கதைதான், மீதி, வராமலே போன ஒரு பயிற்சி விமானம். 1982ல் ஏர் மார்ஷல் லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு, இளம் விமானிகளுக்கு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று சொல்லிவிட்டது. காரணம் எளிது. அப்போது கிரண் என்ற, மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தில் கற்றுக்கொண்ட இருபத்துச் சொச்ச வயதுப் பையன்கள் அடுத்து ஏறியது மிக்-21ல். அது தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம், முன்னால் சரியாகத் தெரியாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனைக் கூப்பிட்டு நெடுஞ்சாலையில் லாரியைக் கொடுப்பது போல. சரி, குழு சொன்னது, பயிற்சி விமானம் எப்போது வந்தது? பிரிட்டனின் ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் 2004ல், பீதரில் முறைப்படி படையில் சேர்ந்தது 2008ல். பரிந்துரைக்கும் கையெழுத்துக்கும் நடுவே 22 வருடம். அந்த இடைவெளியில் நடந்த விபத்துகளில் எத்தனை 'விமானியின் பிழை' என்று கோப்பில் முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை மனிதப் பிழை என்று சொல்வதில் தப்பில்லை, எந்த மனிதருடைய பிழை என்பதில்தான் எனக்குச் சண்டை.

சீட்டா, சேத்தக் ஹெலிகாப்டர்களுக்கும் இதே தாளைப் போடலாம். பிரெஞ்சு வடிவமைப்பு, சேத்தக் 1960களிலிருந்தும் சீட்டா 1970களிலிருந்தும் நம்மிடம் இருக்கின்றன. சியாச்சின் உச்சிக்குச் சாமான் கொண்டுபோவது இன்றும் பெரும்பாலும் சீட்டாதான். மாற்று ஹெலிகாப்டருக்கான டெண்டர் 2007ல் ஒருமுறை ரத்து, 2014ல் இன்னொரு முறை ரத்து, 2015ல் ரஷ்யாவின் கமோவ் வருகிறது என்றார்கள், அதுவும் வரவில்லை. 2015ல் ராணுவ அதிகாரிகளின் மனைவிகள் சேர்ந்து போய் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரைச் சந்தித்து, இதில் எங்கள் கணவர்களை ஏற்றாதீர்கள் என்று மனு கொடுத்தார்கள். மனுவின் தேதியையும் தாளில் ஏற்றுங்கள். அரசுக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாதபடி செய்யும் தேதி அது.

இந்த நான்கைந்து வரிகளிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும். காங்கிரஸ் அரசு, ஜனதா அரசு, பாஜக அரசு எல்லாமே அந்தக் கோட்டில் வருகின்றன. உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் வருடங்களை மட்டும் சிவப்பில் அடிக்க ஆசை வரும். அதைச் செய்தால் தாள் செத்துப்போகும்.

'ஒப்புதல் கிடைத்தது' என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை

மாற்று விமானம் பற்றிய செய்திகளைப் படிக்க ஒரு சின்ன அகராதி தேவை. "114 போர் விமானங்கள் வாங்க முடிவு", "ரூ. இத்தனை ஆயிரம் கோடிக்கு ஒப்புதல்" என்று தலைப்பு வரும்போது விமானம் நாளை வந்து இறங்கும் போலவே இருக்கும். கீழே போய்ப் படித்தால், தகவல் கேட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதமாக இருக்கும், அல்லது பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் 'தேவை இருக்கிறது என ஏற்கிறோம்' என்று சொன்னதாக இருக்கும். தேவையை ஏற்பது முதல் படி. அதற்கப்புறம் டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, பறக்கவிட்டுச் சோதனை, விலைப் பேச்சு, நிதித்துறை, பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, அதற்கும் பிறகுதான் கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகும் முதல் விமானம் வர மூன்று நான்கு வருடம்.

இதற்கு ஒரு பாடப் புத்தகம் மாதிரியான கதை, 126 நடுத்தரப் போர் விமானங்கள். 2007 ஆகஸ்டில் டெண்டர் விட்டார்கள். ஆறு விமானங்களைப் போட்டிக்கு நிறுத்தி ஜெய்சால்மர் வெயிலிலும் லே குளிரிலும் பறக்கவிட்டுப் பார்த்து, 2012 ஜனவரியில் ரஃபேலைத் தேர்ந்தெடுத்தார்கள். விலைப் பேச்சு மூன்று வருடம் இழுத்தது. 2015 ஏப்ரலில் பிரதமர் பாரிஸில் 36 வாங்குவதாக அறிவித்தார், 2016 செப்டம்பரில் கையெழுத்து, முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலை. 36 வந்தது நல்லதுதான், ஆனால் மீதி 90ன் வேலையை அத்தனை வருடமும் யார் செய்தார்கள்? மிக்-21ம் ஜாகுவாரும். 'ஊழலா இல்லையா' என்ற சத்தத்தில் இந்தக் கேள்வி காணாமலே போய்விட்டது.

ஆகவே தாளில் அறிவிப்புத் தேதி, தேவையை ஏற்ற தேதி, ஒப்பந்தத் தேதி, முதல் விமானம் வர வேண்டிய தேதி, உண்மையில் வந்த தேதி என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஆவ்ரோ என்ற பழைய போக்குவரத்து விமானத்துக்கு மாற்றான சி-295ஐ எடுத்தால், டெண்டர் 2013, ஒப்பந்தம் 2021 செப்டம்பர். கட்டங்களைப் பிரித்து எழுதியவுடனே தாமதம் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். எட்டு வருடமும் கையெழுத்துக்கு முன்னால்தான்.

காகிதங்கள் எங்கே இருக்கின்றன

முதலில் சிஏஜி, அதாவது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகள். நான் சொல்லும் ஒரே ஒரு அறிக்கையை மட்டும் படித்தாலே போதும், மற்றதைத் தேடிப் போய்ப் படிப்பீர்கள். 2015ஆம் ஆண்டின் 17ஆம் எண் அறிக்கை, தேஜஸ் பற்றியது. விமானப்படை கேட்ட தகுதிகளில் 53 குறைபாடுகளோடுதான் முதல் ரகத் தேஜஸ் ஆரம்ப அனுமதி பெற்றது என்று அதில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமான வரி வேறு. தேஜஸ் தாமதமானதால் விமானப்படை மிக்-21 பிஸ், மிக்-29, ஜாகுவார், மிராஜ் விமானங்களை மேம்படுத்த 20,037 கோடி ரூபாய் செலவழிக்க வேண்டியிருந்தது, மிக்-21ஐ ஓய்வு பெறச் செய்யும் திட்டத்தையும் மாற்ற வேண்டியிருந்தது என்கிறது. புதியது வாங்காமல் இருப்பது சிக்கனம் என்று நினைப்பவருக்குக் காட்ட இந்த ஒரு எண் போதும். அறிக்கைகள் சிஏஜி இணையதளத்தில் இலவசம். முன்னுரையும் சுருக்கமும் மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு அத்தியாயத்திலும் 'அமைச்சகத்தின் பதில்' என்று ஒரு பத்தி வரும், சுவாரசியம் அங்கேதான்.

அடுத்து பாதுகாப்புத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு. 31 உறுப்பினர்கள், எல்லாக் கட்சியும் உண்டு. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் காலத்தில் மானியக் கோரிக்கை பற்றி அறிக்கை தருகிறது. ஸ்குவாட்ரன் எண்ணிக்கை எவ்வளவு, எத்தனை விபத்து, எந்த ஒப்பந்தம் எங்கே நிற்கிறது என்று அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட பதில்கள் அதில் அப்படியே இருக்கும். அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன் 42, மிக்-21 போன பிறகு இருப்பது 29 என்ற கணக்கின் பின்னணி புரிய வேண்டுமென்றால் பத்து வருட அறிக்கைகளை வரிசையாகத் திறந்து அந்த ஒரு பத்தியை மட்டும் படியுங்கள். வருடாவருடம் குழு கவலை தெரிவிக்கும், அமைச்சகம் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதும். அடுத்த வருடம் அதே கவலை.

பட்ஜெட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மூலதனச் செலவில் (விமானம், ஆயுதம் போன்றவை வாங்கும் பணம்) முதலில் ஒதுக்கியதற்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம். 2024-25ல் பாதுகாப்பு மூலதனத்துக்கு 1.72 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடி ஆனது. 'பணம் இல்லை' என்பது எல்லா வருடமும் உண்மையில்லை. பல நேரம் பணம் இருக்கிறது, செலவழிக்கத் தயாரான ஒப்பந்தம் இல்லை.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்): 'ஏன்' என்று கேட்காதீர்கள்

என் முதல் விண்ணப்பத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. ஏழிலும் 'ஏன்'. ஏன் இன்னும் மாற்றவில்லை, ஏன் தாமதம், ஏன் உயிரோடு விளையாடுகிறீர்கள். ஒரு அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது, நீங்கள் கேட்டது 'தகவல்' என்ற வரையறைக்குள் வராது என்று. அப்போது எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. சட்டம் தருவது கையில் இருக்கும் ஆவணத்தை. விளக்கம் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்குக் கிடையாது.

அதனால் ஆவணத்தைக் கேளுங்கள். தேதி, எண்ணிக்கை, தொகை. இப்படி:

"83 தேஜஸ் விமானங்களுக்கு (மார்க்-1ஏ 73, பயிற்சி விமானம் 10) 2021 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி முதல் மார்க்-1ஏ விமானம் ஒப்படைக்கப்பட வேண்டிய தேதி எது? இந்த விண்ணப்பம் கிடைத்த நாள் வரை ஒப்படைக்கப்பட்டவை எத்தனை? தாமதத்துக்காக இழப்பீடு பிடித்தம் செய்யப்பட்டதா, எனில் தொகை எவ்வளவு?"

"சீட்டா, சேத்தக் ஹெலிகாப்டர்களுக்கு மாற்று வாங்க 2005 முதல் வெளியிடப்பட்ட டெண்டர்கள், அவை ரத்தான தேதிகள் ஆகியவற்றின் பட்டியலைத் தரவும்."

பட்டியல் கேட்கும்போது ஒரு சிக்கல், 'தொகுத்து வைக்கப்படவில்லை' என்று சொல்லித் தப்பிப்பார்கள். அதற்கு வழி, குறைந்த காலத்துக்குக் கேட்பது, ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம் மட்டும் கேட்பது.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனிலும் போடலாம். தபாலில் போடுவதாக இருந்தால் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தின் 6(1) பிரிவு ஆங்கிலம், இந்தி, அல்லது விண்ணப்பிக்கும் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பினால் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

மறுப்பு வரும், அதற்குத் தயாராக இருங்கள். 8(1)(அ), நாட்டின் பாதுகாப்பு. இதைப் பார்த்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பதில் உண்டு. 10ஆம் பிரிவின்படி, கொடுக்க முடியாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். 8(2)ன்படி, பொதுநலன் அதிகம் என்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம். மேல்முறையீட்டில் இரண்டையும் எண் சொல்லிக் கேளுங்கள், கூடவே அமைச்சரே அவையில் இதே மாதிரித் தகவலை முன்பு கொடுத்திருக்கிறார் என்று அந்தப் பதிலின் நகலை இணையுங்கள். எனக்கு இது ஒருமுறை வேலை செய்தது, ஒருமுறை செய்யவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அது சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, ஊழல், மனித உரிமை மீறல் தவிர வேறு எதற்கும் பதில் சொல்லக் கடமையில்லை. தேஜஸைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல் அந்த அட்டவணையில் இல்லை.

ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும், எந்தத் தளத்தில் இப்போது எத்தனை விமானம் நிற்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அப்படி ஒரு கேள்வி உள்ளே இருந்தால் மற்ற நல்ல கேள்விகளையும் சேர்த்து நிராகரிக்க அவர்களுக்கு வசதியாகிவிடும்.

எம்.பி.யிடம் போவது

பலரும் இதை நம்புவதில்லை, ஆனால் ஆர்.டி.ஐ.யைவிட இது வேகமானது. அவை நடக்கும் நாளில் மக்களவையில் மட்டும் 230 கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வ பதில் தருகிறார்கள், மாநிலங்களவையில் 160. அவ்வளவு கேள்வியை எழுத எம்.பி.க்களின் உதவியாளர்கள் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கோபமாக இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினால் குப்பைக்கூடை. அப்படியே தூக்கி ஒட்டக்கூடிய மாதிரி, (அ), (ஆ), (இ) என்று பிரித்த ஒரு கேள்வியை அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்பதில்லை, மாநிலங்களவை உறுப்பினர், நிலைக்குழுவில் இருப்பவர், யாரும் கேட்கலாம். அவை கூடுவதற்கு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

பதில் பெரும்பாலும் மழுப்பலாகத்தான் வரும். மழுப்பலிலும் ஒரு பிடி இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'ஆராயப்படும்' என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது அவையில் தந்த உறுதிமொழியாகக் கருதப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேறாததைத் துரத்த உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. அந்த எம்.பி.யின் அலுவலகத்துக்கு மூன்று மாதம் கழித்து ஒரு போன் போட்டு, 'சார், அந்த உறுதிமொழி நிலுவையில் இருக்கிறதா' என்று கேளுங்கள். ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

எழுதும்போது

வயதை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் கடைசியாகச் செய்தது 1962ல், இன்னும் பறக்கிறது. பழையது என்பதால் ஒரு விமானம் ஆபத்தாகிவிடாது. உதிரி பாகம் கிடைக்காதபோது, செய்த நாடே கைவிட்டபோது, வடிவமைத்த காலத்தில் இல்லாத வேலைக்கு அதைப் பயன்படுத்தும்போதுதான் ஆபத்து. ஜாகுவாரை எடுங்கள். 1979ல் வந்தது, உலகத்தில் இன்று அதை ஓட்டும் ஒரே நாடு நாம்தான், புதிய இன்ஜின் போடும் திட்டம் விலை அதிகம் என்று 2019ல் கைவிடப்பட்டது. 2025ல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை என மூன்று விழுந்தன, மூன்று விமானிகள் இறந்தார்கள். இந்த நான்கு விவரத்தையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், 'சவப்பெட்டி' என்ற வார்த்தை தேவைப்படாது. ஆனால் மூன்று விபத்துக்கும் இன்ஜின்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், அது உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

நல்ல எண்ணையும் மறைக்காதீர்கள். விமானப்படையின் விபத்து விகிதம் பத்தாயிரம் பறக்கும் மணி நேரத்துக்கு 2000-05ல் 0.93 ஆக இருந்தது, 2017-22ல் 0.27 ஆகக் குறைந்திருக்கிறது. அரசுத் தரப்பு இதைத்தான் முதலில் எடுத்து நீட்டும். நீங்களே முதலில் போட்டுவிட்டால் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: விமான வகை வாரியாக விகிதம் எங்கே? எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட சராசரியில், புதிய சுகோயும் சி-17ம் பறக்கும் மணி நேரங்கள் பழைய விமானங்களின் கணக்கைக் கழுவிவிடும்.

குடும்பத்தினரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்களாகப் பேச முன்வந்தால் மட்டும் கேளுங்கள். 2016 ஜூலை 22ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32 போக்குவரத்து விமானம் வங்கக் கடலில் காணாமல் போனது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா ஊர்தி எடுத்த படங்களில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்ததாக அறிவித்தது 2024 ஜனவரியில். ஏழரை வருடம் ஒரு போனுக்காகக் காத்திருந்த வீடுகள் அவை. ஏஎன்-32 இன்னும் பறக்கிறது. 1984ல் படையில் சேர்ந்தது. அதற்கு மாற்றாக ரஷ்யாவுடன் சேர்ந்து விமானம் தயாரிக்க 2007ல் போட்ட ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

என் மேசையில் இப்போது இருக்கும் தாள் ஏஎன்-32 உடையதுதான். சேர்ந்த தேதி எழுதியாகிவிட்டது, கைவிட்ட திட்டம் எழுதியாகிவிட்டது. 'மாற்று விமானத்துக்கான ஒப்பந்தத் தேதி' என்ற கட்டத்துக்காக ஒரு விண்ணப்பம் தயாராக இருக்கிறது, போஸ்டல் ஆர்டர் மட்டும் வாங்க வேண்டும்.